கல்யாண வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி

நாங்கள் 34 பேர். 2004 மே மாதம் சென்னையில் ஒரு இதழியல் கல்லூரியில் படித்து முடித்து வெளியே வந்தோம். ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. அந்த வாரம் எங்களில் ஆறு பேர் நாகப்பட்டினத்தில் இருந்தோம், ஆளுக்கொரு பத்திரிகைக்காக, ஆளுக்கொரு டிவிக்காக. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பகலெல்லாம் அலைந்துவிட்டு, ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்திருந்த ஒரே டீக்கடையில் கூடுவோம். யாரும் அதிகம் பேச மாட்டோம். ஒருத்தன் மட்டும் தினமும் எல்லாரையும் பார்த்து "வீட்டுக்குப் பேசிட்டீங்களா?" என்று கேட்பான். விழுப்புரம் பக்கத்துக்காரன். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அங்கிருந்து கிளம்பியவர்கள் அதற்குப் பிறகு எட்டு வருடம் சேர்ந்து உட்காரவே இல்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, வேலைதான். 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை, 2012 நவம்பரில் தந்தி டிவி, 2013 செப்டம்பரில் தி இந்து தமிழ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம் அது. அச்சில் இருந்தவர்கள் டிவிக்குப் போனார்கள், ஆங்கிலத்தில் இருந்தவர்கள் தமிழுக்கு வந்தார்கள். பழைய ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டால் "அவர் இங்க இல்லையே, போய் ஆறு மாசம் ஆச்சே" என்பார்கள். ஊரில் நடக்கும் சாவு, கல்யாணம் எல்லாவற்றையும் முதலில் தெரிந்துகொள்கிற நாங்கள், எங்கள் வகுப்புத் தோழியின் அப்பா இறந்ததை எட்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டோம். அதுதான் என்னை உறுத்தியது. 2013 ஜனவரியில் முதல் மடலைத் தொகுத்தேன். எல்லாருடைய வேலைச் செய்தி, வீட்டுச் செய்தி, ஆளுக்கு நாலைந்து வரி. அன்றிலிருந்து ஒரு வருடமும் விடவில்லை. இதே போல உங்கள் வகுப்புக்கும் செய்ய நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் மடலுக்கு ஒரு படிவம் தயாரித்து அனுப்பினேன். பெயர், தற்போதைய பதவி, நிறுவனம், விருதுகள், திருமண நிலை, குழந்தைகள். 34 பேரில் ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழு பேரும் நன்றாக இருந்தவர்கள். சீஃப் சப்-எடிட்டர் ஆனவர், டெல்லிக்கு மாற்றலாகிப் போனவர், இரட்டைக் குழந்தை பிறந்தவர். மற்ற 27 பேருக்கு என் படிவத்தில் எழுத இடமே இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. 'தற்போதைய பதவி' என்ற கட்டத்துக்கு நேரே, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் என்ன எழுதுவாள்? மாவட்டத்தில் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பகுதிநேர நிருபராக இருப்பவன், டெல்லிக்காரன் பெயருக்குக் கீழே தன் பெயர் வருவதை விரும்புவானா?

அடுத்த வருடம் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். இரண்டே கேள்விதான். "இந்த வருஷம் உன் நாள் எப்படிப் போகுது? வீட்ல யார் யார், எப்படி இருக்காங்க?" பதவியைக் கேட்பதில்லை, அது பேச்சில் தானாக வரும். வராவிட்டால் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. அந்த வருடம் 29 பேர் பேசினார்கள்.

எப்போது கூப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். டெஸ்க்கில், அதாவது வந்த செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் இடத்தில், இருப்பவர்கள் கடைசி எடிஷன் அனுப்பிவிட்டு விடியற்காலம் தூங்கப் போவார்கள், அவர்களைப் பதினோரு மணிக்கு முன்னால் எழுப்பக் கூடாது. நிருபர்களுக்கு மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும், அதாவது பிரஸ் மீட் எல்லாம் முடிந்து செய்தியை டைப் அடிக்க உட்காருவதற்கு முன்னால். மாலை ஐந்துக்கு மேல் எங்கள் தொழிலில் யாரையும் நலம் விசாரிக்கக் கூடாது. டிவியில் காலைச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ். பிள்ளை வைத்திருப்பவர்களிடம் பேச வேண்டுமென்றால் பரீட்சைக் காலத்தை விட்டுவிட வேண்டும். யாருக்கு எந்த நேரம் என்று பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இல்லாமல் என்னால் மடல் போட முடியாது.

என்னால் ஒரு கெடுதல் நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாக இருக்காது.

2016 ஜனவரி மடல். எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு டிவியில் ஒப்பந்த அடிப்படையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துக் கருத்தரித்திருந்தாள். போனில் என்னிடம் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தில் நானும் கலந்துவிட்டேன். "எழுதட்டுமா?" என்று கேட்கத் தோன்றவில்லை. "எங்கள் செய்தி வாசிப்பாளர் மே மாதம் அம்மா ஆகிறார்" என்று மடலின் முதல் செய்தியாகவே போட்டேன். வகுப்பில் இருக்கும் இன்னொருவன் அதே டிவியில் வேலை பார்க்கிறான். அவனிடமிருந்து அவன் பக்கத்து சீட்டுக்காரருக்கு, அங்கிருந்து மேலே. இரண்டு நாளில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் அவள் கணவரும் பேசி வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. "டெலிவரி ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு எடுப்பது அப்போது நடப்பில் இருந்த 1961-ம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டப்படியே கூடாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை என்றால் 'எடுத்தார்கள்' என்று சொல்ல முடியாமல் போய்விடுகிறது. எங்கள் தொழிலில், அதிலும் டிவியில், பாதிப் பேருக்கு மேல் அந்த மாதிரி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். என் மடல் வராமல் இருந்திருந்தால் அவளுக்குப் புதுப்பித்திருப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் பத்திரமாக வைத்திருந்த ஒரு செய்தியை அவள் கையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அது உறுதி. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ சந்தோஷத்துலதானடி எழுதின" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்கடுத்த வருடம், 2017 ஏப்ரலில், அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2023 ஆகஸ்டில், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும் மகப்பேறு பயன் தொடர வேண்டும் என்று ஒரு பெண் மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை எங்களுக்கு முதலில் அனுப்பியவள் செய்தி வாசித்த அந்தத் தோழிதான். கூடவே ஒரு வரி: "நம்ம பொண்ணுங்க எல்லாரும் இதைப் பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க." அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதிகள். வீட்டுச் செய்தியைச் சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்டால் மட்டுமே எழுதுவது. எழுதியதை அவருக்கே படித்துக் காட்டிவிட்டு, "யார் கண்ணில் படக் கூடாது?" என்று கேட்ட பிறகே அனுப்புவது. வகுப்பிலேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி பிரிந்தபோது இந்த விதி கைகொடுத்தது. பத்துப் பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இருவரும் சொல்லவில்லை. மூன்று வருடம் அவர்கள் பெயருக்கு நேரே வேலைச் செய்தி மட்டும் வந்தது, தனித்தனியாக. நாலாவது வருடம் அவளே கூப்பிட்டு, "இப்ப எழுதலாம், ஒரே வரியில எழுது" என்றாள். அவனிடமும் படித்துக் காட்டினேன். "சரி" என்றான். அவ்வளவுதான்.

2020-ல் வேலைச் செய்தி என்பதே வேறாகிவிட்டது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் எங்களில் ஏழு பேருக்கு வேலை போனது. மற்றவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. அப்போது நடப்பில் இருந்த 1955-ம் ஆண்டுப் பத்திரிகையாளர் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்தால் ஆசிரியருக்கு ஆறு மாதமும் மற்றப் பத்திரிகையாளர்களுக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்கள் ஆட்களிடம் யாரும் ஆட்குறைப்பு என்று சொல்லவில்லை. போனில் கூப்பிட்டு, "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ராஜினாமா அனுப்பிடுங்க" என்றார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் பயந்துபோய் அனுப்பிவிட்டார்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமையைக் கேட்க வழி இல்லாமல் போய்விடும். மற்ற இருவர், "எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் போட்டார்கள். அவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போடாதே, ஒரு ராத்திரியாவது தள்ளிப் போடு, யாரிடமாவது கேள் என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்.

அந்த வருடம் ஜனவரி வரை காத்திராமல் அக்டோபரிலேயே ஒரு குட்டி மடல் போட்டேன். வேலை தேடுபவர்களுக்காக மட்டும். வழக்கமாக வேலை தேடுபவர் என்றால் என்ன தெரியும், எத்தனை வருட அனுபவம் என்று எழுதுவோம். நான் அதோடு வீட்டு நிலைமையையும் சேர்த்தேன், அவரவர் சம்மதத்தோடு. ஒரு தோழிக்கு இப்படி எழுதினேன்: "15 வருடம் டெஸ்க். மொழிபெயர்ப்பில் வேகம். அம்மாவுக்கு டயாலிசிஸ், அதனால் திங்கள், புதன், வெள்ளி காலை 7 முதல் 12 வரை முடியாது. தாம்பரத்தை விட்டு வெளியூர் போக முடியாது." அதை எழுத அவளுக்குத் தயக்கம்தான். யார் வேலை கொடுப்பார்கள் என்றாள். ஆனால் படித்தவர்கள் அந்த நிபந்தனைக்குள் என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். 'ஏதாவது இருந்தா சொல்றேன்' என்ற வழக்கமான பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் மொழிபெயர்ப்பு வேலை ஒன்று கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறாள்.

இப்போது விழுப்புரத்துக்காரன்.

2021 மே முதல் வாரம் தமிழ்நாட்டில் பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர்களாக அறிவித்தார்கள். அந்த மாதம் 19-ம் தேதி அவன் கொரோனாவில் போய்விட்டான். 40 வயது. இரண்டு பிள்ளைகள், ஒன்பதும் ஐந்தும். அவன் மனைவியை எங்களில் யாருக்கும் நேரடியாகத் தெரியாது. ஆனால் 2019 மடலுக்காகப் பேசியபோது, "என் போன் எடுக்கலேன்னா இந்த நம்பருக்குப் போடு" என்று அவள் நம்பரைக் கொடுத்திருந்தான். நோட்டில் அவன் பெயருக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது. அந்த நம்பர் இல்லாவிட்டால் நாங்கள் இரங்கல் எழுதுவதோடு நின்றிருப்போம்.

பணம் திரட்டிக் கொடுத்தோம், அது எல்லாரும் செய்வதுதான். உண்மையான வேலை பிஎஃப்-பில், அதாவது வருங்கால வைப்பு நிதியில், இருந்தது. அவன் 16 வருடம் சம்பளத்தில் இருந்தவன், பிடித்தம் ஒழுங்காகப் போயிருந்தது. அவன் மனைவிக்கு அதுவே தெரியாது. ஆள் இறந்துவிட்டால் மூன்று விதமாகக் கேட்க வேண்டும்: சேர்ந்த பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, இன்ஷூரன்ஸுக்கு 5ஐஎஃப். இந்த மூன்றாவதைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது. பிஎஃப் கணக்கோடு சேர்ந்தே வரும் காப்பீடு அது. தனியாக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் இறுதியில்தான் அதன் உச்சவரம்பை ஆறு லட்சத்திலிருந்து ஏழு லட்சம் ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். ஓய்வூதியம் மனைவிக்கு, அதோடு 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நாமினேஷனில், அதாவது தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கும் தாளில், அவன் அம்மா பெயர் இருந்தது. 2005-ல் வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்தது. அதற்கப்புறம் அவனுக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளை பிறந்தது, இரண்டு கம்பெனி மாறினான். அந்தத் தாளை யாரும் தொடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும் என்பது பிஎஃப் விதி. அதனால் அம்மா பெயரிலும் வாங்க முடியாது, மனைவி பெயர் அதில் இல்லவும் இல்லை. தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பழைய கம்பெனியில் கையெழுத்து வாங்கி, ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் இனிஷியலும் பாங்க் பாஸ்புக்கில் கணவன் இனிஷியலும் இருந்ததைச் சரிசெய்து என்று பதினொரு மாதம் ஓடியது. எங்களில் மூன்று பேர் முறைபோட்டு விழுப்புரம் போய் வந்தோம். நல்லவேளையாக அவன் அம்மா கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "எம் பேரு இருந்தா என்னா, அவ பேரு இருந்தா என்னா, புள்ளைங்களுக்குப் போய்ச் சேந்தா போதும். எங்க கைநாட்டு வெக்கணும், சொல்லுங்க" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது.

அதற்குப் பிறகு வந்த மடல்களில் ஒரு மாற்றம். யாருக்குக் கல்யாணம் ஆனாலும், மறுமணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி வரும்: "பிஎஃப் நாமினேஷனை மாற்றிவிட்டாயா?" வேலை மாறியவர்களுக்கு: "பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிட்டாயா?" கல்யாணச் செய்திக்குக் கீழே சாவைப் பற்றிய வரியா என்று ஒரு தோழி வருத்தப்பட்டாள். நான் எடுக்கவில்லை. ஆன்லைனில் ஆதாருக்கு வரும் ஓடிபி-யைப் போட்டு முடித்துவிடக்கூடிய வேலை, அதிகம் போனால் அரை மணி நேரம். மாற்றிவிட்டேன் என்று சொல்பவர்கள் பெயரை நோட்டில் பச்சை மையில் குறித்துவிடுகிறேன். இதுவரை 26 பேர்.

கடைசியாக ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசி மாவட்டத்துக்காரன், எங்கள் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவன். 2014-ல் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அப்பாவின் உரக்கடையை எடுத்து நடத்துகிறான். புளியங்குடி பக்கம், எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். ஒவ்வொரு வருடமும் நான் கூப்பிட்டால், "என்னைப் பத்தி எழுத என்ன கெடக்கு, தங்கச்சி கல்யாணம் ஆச்சுன்னு போட்டுக்கோ" என்று முடித்துவிடுவான். போன வருடம் குற்றாலம் போனபோது கடைக்கே போய்விட்டேன்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸில், அவனுடைய அதே சாய்வான எழுத்தில், எலுமிச்சை விலை. வெறும் விலை மட்டும் இல்லை. மேலே தேதி, 'காலை 9.10 நிலவரம்', அதற்குக் கீழே பெரிய காய், சிறிய காய், பழம் என்று மூன்று விலை. ஓரத்தில் சின்னதாக 'இரண்டு கமிஷன் கடையில் கேட்டது'. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெரியவர் மொபெட்டை நிறுத்தி, பலகையைப் படித்துவிட்டு, இறங்காமலே போனார். "தெனமும் எழுதுவியா?" என்றேன். "ஒருத்தன் சொல்றத மட்டும் வெச்சு எழுதக் கூடாதுல்லா" என்றான், அது ஒரு சாதாரண விஷயம் போல. முதல் நாள் சொன்ன விலை தவறாகிவிட்டால் மறுநாள் பலகையின் அடியில் திருத்தமும் போடுகிறான். இத்தனை வருடமாக அவன் டெஸ்க்கை விட்டுப் போய்விட்டான் என்றுதான் நான் மடலில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஆறு வரி எழுதி, போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த ஒன்பது மணிங்கறத ஒன்பது பத்துன்னு மாத்து" என்றான். மாற்றினேன்.

இந்த வருட மடலுக்கு இன்னும் ஒன்பது பேரிடம் பேச வேண்டியிருக்கிறது. மணி இரண்டு இருபத்தைந்து. சேலத்து நிருபர் இப்போதுதான் பிரஸ் மீட் முடித்து வெளியே வந்திருப்பார்.